காற்று வேண்டாத விருந்தாளி

இறைச்சிக்கூடத்தின் குடல் அறையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் அவளுக்குக் கத்தரி என்று பெயர் விழுந்தது காய்கறியால் அல்ல. நீளமான எஃகு மேசையில் பன்றிக்குடலைப் போட்டார்களென்றால், கத்தரிக்கோலின் வாயை ஒரு தடவைகூட மூடாமல், ஜவுளிக்கடைக்காரர் துணியைக் கிழிக்கிற மாதிரி சர்ரென்று ஒரே இழுப்பில் கடைசிவரை கீறிவிடுவாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், "உங்களுக்குக் கத்தரிக்காய்னா ரொம்ப இஷ்டமாக்கா?" என்று கேட்பதுண்டு. "காலையில மேசைக்கு வா, என் இஷ்டம் என்னன்னு தெரியும்" என்பாள்.

குடலைக் கீறும்போது சில நாள் உள்ளேயிருந்து புழு வரும். ஒரு சாண் நீளம், பென்சில் பருமன், வெளிறிய இளஞ்சிவப்பு நிறம். மற்றவர்கள் அதைத் தண்ணீரோடு தண்ணீராகக் கழிவுத் தொட்டிக்குத் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். கத்தரி மட்டும் அதைப் பொறுக்கித் தரையில் போட்டு, ரப்பர் பூட்ஸ் காலால் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் தள்ளுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் அவளுடைய தங்கை மகள், ஏழு வயதுப் பிள்ளை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். குடலுக்குள் புழுக்கள் பந்தாகத் திரண்டு வழியை அடைத்துவிட்டன. வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. "ஒரு கிண்ணம் நிறைய எடுத்தோம்" என்றார் அறுவை மருத்துவர். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தத் தெருவில் புழு மாத்திரை முன்போல வேலை செய்வதில்லை. விழுங்கி நான்கு மாதம் போனால் பிள்ளைகளுக்கு மறுபடியும் வயிறு உப்பிவிடுகிறது. பன்றிக்கு வரும் புழுவும் பிள்ளைகளுக்கு வரும் புழுவும் பங்காளிகள் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, மேசையில் விழும் ஒவ்வொரு புழுவும் கத்தரிக்குத் தனிப்பட்ட பகையாளி.

ஆகவே, மேற்பார்வையாளர் ஒரு நாள் மதியம் வேலை முடிகிற நேரத்தில் பிளாஸ்கோடு வந்து நின்றபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"கத்தரி, நீ ஆராய்ச்சி நிலையம் வழியாத்தானே வீட்டுக்குப் போற? புழு பத்துப் பன்னிரண்டு பிடிச்சு இதுல போட்டு அங்க குடுத்துட்டுப் போ. எப்பவும் கொண்டுபோற வேன்காரர் தண்ணித் தொட்டி கழுவப் போயி ஏணியில இருந்து விழுந்துட்டார். கை முறிஞ்சிருக்கு."

"செத்த புழுதானே?"

"உயிரோட வேணுமாம்."

"நல்ல கூத்து! ஊரே அதைச் சாகடிக்க வழி தேடுது. இவங்க அதுக்குப் பிளாஸ்க் வாங்கி வச்சிருக்காங்களா?"

முணுமுணுத்துக்கொண்டேதான் பிடித்துப் போட்டாள். பிளாஸ்கோடு கொடுத்த வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினாள். நிறைகுடம் தளும்பாது என்பது அவளுக்குத் தெரியும். பேருந்தில் பாதிப் பிளாஸ்க் குலுங்கி ஒழுகினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள், நடத்துநர் பாதி வழியில் இறக்கிவிடுவார். மூடியைத் திருகும்போது இன்னொரு எண்ணமும் வந்தது. தங்கை மகளின் வயிற்றிலிருந்த தையல் தழும்பை நினைத்துக்கொண்டாள். மூச்சு முட்டிச் சாகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை இன்னும் இரண்டு சுற்று இறுக்கினாள்.

நிலையத்தில் பிளாஸ்கை வாங்கிக்கொண்ட பெண்மணிக்கும் கத்தரிக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் வயது. முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் சிவந்திருந்தன. நன்றி சொல்ல வாயெடுத்து, நன்றிக்குப் பதிலாக நான்கு தும்மல் தும்மினார். வாசலில் இருந்த காவலாளி பிறகு விவரம் சொன்னார்: எல்லோரும் அவரை டாக்டரம்மா என்பார்களாம், நோயாளி பார்க்கிற டாக்டர் இல்லையாம், இருபத்திரண்டு வருடம் இந்தப் புழுவோடு புழங்கி இப்போது புழுவின் வாடையே உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லையாம்.

மூன்றாம் நாள் இறைச்சிக்கூடத்துக்குத் தொலைபேசி வந்தது. புழு கொண்டுவந்த அம்மா உடனே வர வேண்டும். மூடியை இறுக்கியது வெளியே தெரிந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டே கத்தரி போனாள்.

"எல்லாம் செத்துப்போச்சாம்மா?" என்றாள், போன உடனே.

"சாகலை" என்றார் டாக்டரம்மா. "அதுக்குத்தான் கூப்பிட்டேன். இங்க வாங்க."

உடம்புச் சூடு அளவுக்குச் சூடாக்கிய ஒரு பெட்டிக்குள் எட்டுக் கண்ணாடி ஜாடிகள் இரண்டு வரிசையாக இருந்தன. முன்வரிசை நான்கில் டாக்டரம்மா கண்டுபிடித்த புது மருந்து கலந்திருந்தது. பின்வரிசை நான்கில் மருந்து கிடையாது, வெறும் சர்க்கரை கலந்த உப்புத் தண்ணீர். முன்வரிசைப் புழுக்கள் நனைந்த கயிறு மாதிரி கிடந்தன. பின்வரிசையில் இருந்தவை மெதுவாக நெளிந்துகொண்டிருந்தன.

"ரெண்டு வருஷமா ரெண்டு வரிசையும் ரெண்டாம் நாளே செத்துடும். விஷம் குடிச்சவனும் செத்தான், தண்ணி குடிச்சவனும் செத்தான்னா, அது விஷம்தான்னு யார் நம்புவா? தண்ணி சரியில்லையோன்னு மாத்தினேன், சூடு சரியில்லையோன்னு மாத்தினேன், ஜாடியை மாத்தினேன். முதல் தடவையா தண்ணி குடிச்சவன் மூணாம் நாள் உயிரோட இருக்கான். நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் ஒண்ணும் செய்யலையே."

"ஏதோ செஞ்சிருக்கீங்க. யோசிச்சுச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

கத்தரி தரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "விளிம்பு வரைக்கும் நெரப்பினேன்மா, பஸ்ல தளும்பக்கூடாதுன்னு. அப்புறம்..." என்று இழுத்தாள். "மூச்சு முட்டிச் சாகட்டும்னுதான் மூடியை இறுக்கினேன். என் தங்கச்சி பொண்ணு வயித்தைக் கிழிச்சுத் தைச்சிருக்கு இந்தச் சனியனால. உயிரோட கொண்டுவரணும்னு எனக்கு ஆசையே இல்லை."

டாக்டரம்மா முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு வேன்காரரின் எண்ணைத் தேடி எடுத்தார்.

மறுநாள் வேன்காரர் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு வந்து சேர்ந்தார். எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரோ தன் வேலையைப் பற்றி விசாரிக்கிறார்களே என்ற பெருமை.

"அதெல்லாம் கண்ணு மாதிரி பார்த்துப்பேம்மா. பாவம், வாயில்லா ஜீவன். அடைச்சு வச்சா மூச்சு முட்டிடும்னு பாதித் தண்ணிதான் ஊத்துவேன். வேன்ல ஏத்தினதும் மூடியைத் திறந்து வச்சிடுவேன். சிக்னல்ல நிக்கும்போது நல்லா காத்து கலக்கட்டும்னு ஒரு ஆட்டு ஆட்டி விடுவேன். இங்க கேட்டுக்கு வந்ததும் மூடிக் குடுத்துடுவேன். நீங்கதானே தாள்ல மூடி வைக்கவும்னு எழுதியிருந்தீங்க?"

டாக்டரம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, இடி விழப்போகிறது என்று கத்தரிக்குத் தோன்றியது. முந்திக்கொண்டு குறுக்கே விழுந்தாள்.

"அண்ணனைத் திட்டாதீங்கம்மா. அவர் நல்லது நினைச்சுச் செஞ்சார். கெட்டது நினைச்சவ நான்தான்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு தும்மலும் சேர்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது முழுக்கச் சிரிப்புத்தானா என்று கத்தரியால் சொல்ல முடியவில்லை. இரண்டு வருடம் என்பது சின்ன விஷயமா?

விஷயம் இதுதான் என்று பிறகு டாக்டரம்மா விளக்கினார். "நம்ம உடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் ஒரு அடுப்பு இருக்குன்னு வச்சுக்குங்க. சாப்பிட்டதைக் காத்து வச்சு எரிச்சுப் பலமாக்குது. குடலுக்குள்ள காத்து ரொம்பக் கம்மி. அங்க குடியிருக்கணும்னா அந்த அடுப்பு வேலைக்காகாது. அதனால இந்தப் புழு அடுப்பையே மாத்தி வச்சிருக்கு. காத்தில்லாம அரைகுறையா எரிச்சு, மீதியைப் புளிப்பா வெளிய தள்ளிடும். அந்த அடுப்புல காத்து நிறையப் பட்டா உள்ளுக்குள்ளேயே ஒரு நஞ்சு ஊறும். புண்ணைக் கழுவினா நுரைக்குமே ஒரு மருந்து, அதேதான். வேன்ல வர்ற ஒரு மணி நேரத்துல பாதி செத்துத்தான் என்கிட்டயே வந்திருக்கு."

"அப்போ அதோட முட்டைக்கும் காத்து ஆகாதா?"

"நல்ல கேள்வி. முட்டைக்குக் காத்து கண்டிப்பா வேணும். வெளிய மண்ணுல கிடக்கும்போது நம்மை மாதிரிதான் மூச்சு விடும். வயித்துக்குள்ள வந்து வளர்ந்த பிறகுதான் அடுப்பு மாறும்."

"புரியுதும்மா. பிறந்த வீட்டுல ஒரு பழக்கம், புகுந்த வீட்டுல ஒரு பழக்கம்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து அதைத் தன் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று கத்தரிக்குப் புரியவில்லை.

புது மருந்தின் வேலை அந்தக் காற்றில்லா அடுப்பின் ஒரே ஒரு ஆணியைப் பிடுங்குவது. நமக்கோ பன்றிக்கோ அந்த ஆணி கிடையாது. "அது குடலைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதில்லை" என்றார் டாக்டரம்மா. "சாப்பாடு கீழ போய்க்கிட்டே இருக்கு. இது ராப்பகலா எதிர்நீச்சல் போட்டுத்தான் அதே இடத்துல நிக்குது. பலம் குறைஞ்சாலே போதும், குடலே தள்ளிவிட்டுடும்."

கத்தரி ஜாடிக்குள் பார்த்தாள். பதினாறு வருடம் பார்த்திருந்தும் இப்படி அவள் பார்த்ததில்லை. வெறுப்பு போகவில்லை. ஆனால் எதிரி எப்படிப் பிழைக்கிறான் என்று தெரிந்துகொள்வதில் ஒரு சுகம் இருந்தது.

நிலையத்தின் இயக்குநர் அவ்வளவு சுலபத்தில் மசிகிறவர் அல்ல. அந்த மாதத்தோடு டாக்டரம்மாவின் அறையை வேறு துறைக்குக் கொடுப்பதாக ஏற்கனவே முடிவாகியிருந்தது. "ஒரு தடவை நடந்தா அதிர்ஷ்டம்" என்றார். "இன்னும் மூணு தடவை இதே மாதிரி வரட்டும், பேசலாம்." புழுக்களைக் கத்தரியே கொண்டுவருவது என்று ஏற்பாடாயிற்று. முதல் தடவை பிசகில்லாமல் முடிந்தது.

இரண்டாம் தடவை போகும்போது ஊரே நடுங்கும் மழை. ஆளில்லாத ஒரு வளைவில் பேருந்து புகை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. பழைய பிளாஸ்க், மூடியைத் தொட்டாலே சில்லென்றது. சூடு இறங்கினால் அடுப்பு அணைந்துபோகும் என்று கத்தரிக்கு இப்போது தெரியும். யோசிக்கவில்லை. துண்டை உருவி, பிளாஸ்கை வயிற்றோடு சேர்த்துக் கட்டி, மேலே ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பழுது பார்க்கப் பணிமனையிலிருந்து ஆள் வந்தது. வந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, அவளுடைய கணவர்தான். ஸ்பானரோடு ஏறியவர் அவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது? இந்த வயசுலயா?"

பேருந்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சும்மா இருங்க. வயித்துல புழு."

"ஊர்ல எல்லாருக்கும் அது உள்ள இருக்கும். உனக்கு மட்டும் வெளிய கட்டிக்கிட்டு அலையணுமா?" என்றார். வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனிதர் உதவியாளரை எஞ்சினைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வந்த வண்டியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு நிலையத்தில் கொண்டுவிட்டார். வழியெல்லாம் மழைக்கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தியிருந்தார். டாக்டரம்மா பிளாஸ்கில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஒரு டிகிரிதான் குறைந்திருந்தது.

மூன்று தடவையும் முடிந்தது. மருந்து போட்ட வரிசை ஒவ்வொரு தடவையும் இரண்டாம் நாளே துவண்டது. போடாத வரிசை ஐந்தாம் நாளும் நெளிந்தது. அதற்குள் கத்தரி ஒரு வித்தை கற்றிருந்தாள். அசையாமல் கிடக்கிற புழு செத்ததா, சும்மா கிடக்கிறதா என்று டாக்டரம்மா ஊசியால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் ஜாடியை மோந்து பார்த்துச் சொல்லிவிடுவாள். உயிருள்ள ஜாடியில் ஒரு புளித்த வாடை ஏறிக்கொண்டே போகும், அழுக்குக் காலுறை மாதிரி. செத்த ஜாடியில் அது ஏறுவது நின்றுவிடும். டாக்டரம்மாவின் மூக்கு அடைத்தே கிடந்ததால் அவருக்கு இந்த வழி தெரிந்திருக்க நியாயமில்லை. கருவி வைத்து அளந்து பார்த்ததில், கத்தரியின் மூக்கு இருபதுக்கு ஒரு தடவைதான் தப்பு செய்தது. அறை டாக்டரம்மாவுக்கே என்று இயக்குநர் எழுதிக் கொடுத்தார். மாதத்தில் பாதி நாள் கத்தரிக்கு இங்கே வேலை என்றும் அதே தாளில் எழுதியிருந்தது.

அன்று தங்கை வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ பாப்பாவுக்கு எப்போக்கா கிடைக்கும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பன்றிக்குக் குடுத்துப் பார்க்கணும். அப்புறம் பெரியவங்களுக்கு. அப்புறம்தான் பிள்ளைங்களுக்கு. பத்து வருஷம் ஆகலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. நடுவுல ஏதாவது இடிச்சா ஒண்ணும் இல்லாமலும் போகலாம்."

தங்கை மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள். "பத்து வருஷம் அதுக்கு வயிறு உப்பிக்கிட்டே இருக்கணுமா?" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கத்தரிக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

மறுநாள் வேலைக்கு நடுவே அந்தத் தெருவில் மாத்திரை வேலை செய்யாததைக் கத்தரி டாக்டரம்மாவிடம் சொன்னாள். இப்போதைக்கு வேறு வழி உண்டா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கடிந்துகொண்டு, அங்கேயே நின்று சுகாதாரத் துறையில் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். இரண்டு வாரத்தில் அந்தத் தெருவுக்கு ஒரு குழு வந்தது. வீடு வீடாகச் சோதித்தார்கள். ஒரு மாத்திரைக்குப் பதில், ஏற்கனவே கடையில் இருக்கிற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தெருக்கோடியில் உடைந்து கிடந்த கழிவுநீர்க் குழாய்தான் முட்டைகளை ஒவ்வொரு மழைக்கும் வாசல்களுக்கு இழுத்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் பிள்ளையின் வயிறு உப்பவில்லை. பெரியம்மா வீட்டுக்கு வந்தால் இப்போது இரண்டாம் தடவையும் சாப்பாடு கேட்கிறாள்.

பன்றிச் சோதனை அதற்குப் பிறகு நடந்தது. நிலையத்தின் கொட்டிலில் ஆறு பன்றிகள், எல்லாவற்றின் வயிற்றிலும் புழு. மூன்றுக்கு மருந்து, மூன்றுக்கு இல்லை. சாணத்தில் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று தினமும் எண்ண வேண்டும். கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து, வரிசை வரிசையாகப் பார்த்து எண்ணுகிற வேலை. டாக்டரம்மாவின் கண்கள் வீங்கி அரை மணிக்கு மேல் தாங்குவதில்லை. எண்ணும் வேலையைக் கத்தரி எடுத்துக்கொண்டாள். ஓரம் சொரசொரத்த பழுப்பு முட்டை எது, வெறும் தவிட்டுத் துணுக்கு எது என்று ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

முதல் மூன்று நாள் எண்ணிக்கை அசையவில்லை. டாக்டரம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான்காம் நாள் காலை, கொட்டிலைக் கழுவப்போன ஆள் ஓடிவந்து கூப்பிட்டார். மருந்து கொடுத்த ஒரு பன்றியின் தொழுவத் தரையில் பதினொரு புழுக்கள். சாயங்காலம் இன்னொன்றிலும் விழுந்தன. பெரும்பாலானவற்றில் இன்னும் லேசான அசைவு இருந்தது. நீந்த முடியாமல் அடித்து வரப்பட்டவை. கத்தரிக்கு அவற்றை மிதிக்கத் தோன்றவில்லை. எண்ணி, எடை போட்டு, ஜாடியில் போட்டு மூடினாள்.

மூன்றாவது பன்றி மட்டும் அடம்பிடித்தது. மிகப் பெரிய உடம்பு. முட்டை பாதியாகக் குறைந்ததோடு சரி. உடம்பின் எடைக்கு மருந்து போதவில்லையோ என்று கணக்குப் போட்டு, ஒரு வாரம் கழித்து அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். பன்றிக்கு ஒரு குறையும் இல்லை, தின்றது, உறுமியது, கத்தரியின் பூட்ஸை ஒரு கடி கடித்தது. மறுநாள் முட்டை கொஞ்சம் குறைந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஆறாம் நாள் கத்தரி தகட்டை வைத்துவிட்டுக் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை.

"இருக்கா?" என்றார் டாக்டரம்மா, குறிப்பேட்டோடு பின்னால் நின்றபடி.

"பொறுங்கம்மா."

"எத்தனை?"

"இன்னும் ரெண்டு வரிசை இருக்கு. பேசாம இருங்க, கண்ணு தவறிடும்."

டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டார். இயக்குநருக்கே பதில் பேசுகிறவர். கத்தரி கடைசிக் கட்டம் வரை பார்த்தாள். நம்பிக்கை வராமல் தகட்டை முதல் வரிசைக்குத் தள்ளி மறுபடியும் பார்த்துக்கொண்டு வந்தாள். தவிடு இருந்தது, ஒரு காற்றுக்குமிழ் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"எழுதிக்குங்கம்மா" என்று நிமிர்ந்தாள். "மூணாவது பன்றி, பூஜ்யம்."

டாக்டரம்மா எழுதினார். பூஜ்யம் கொஞ்சம் கோணலாக விழுந்தது. இன்னொரு தகடு போட்டுப் பார்க்கலாம் என்றார். கத்தரி ஏற்கனவே அடுத்த தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.